குழுக் கணக்கு சுத்தம்... வீட்டுக் கணக்கு? செல்போனில் வரவு செலவு எழுதப் பழகுவோம்



நம்ம குழுவில் ஒருத்தர் மாதச் சேமிப்பில் பத்து ரூபாய் குறைத்துக் கட்டினாலும் கூட்டத்தில் கேள்வி வந்துவிடும். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு, தனிநபர் பேரேடு என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிறோம். தணிக்கைக்கு ஆள் வந்தால் தைரியமாக எடுத்து நீட்டுகிறோம். ஆனால் அதே உறுப்பினரிடம், "போன மாசம் உங்க வீட்டுக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது?" என்று கேட்டுப் பாருங்கள். "வந்துச்சு, போயிடுச்சு, என்னத்தைச் சொல்ல" என்றுதான் பதில் வரும்.

குழுக் கணக்கு எழுத்தில் இருக்கு. வீட்டுக் கணக்கு மட்டும் மனக்கணக்காகவே இருக்கு. இதனால் என்ன நட்டம்? புதுசாக ஒரு கடன் தருகிறோம் என்று யாராவது வாசலில் வந்து நிற்கும்போது, அந்தத் தவணையை நம்மால் கட்ட முடியுமா முடியாதா என்று நமக்கே தெரிவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாங்கினாங்க, நாமும் வாங்குவோம் என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். நாலாவது வாரத்திலிருந்து திண்டாட்டம் ஆரம்பம். ஒரு டியூ கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட நகை அடமானம் என்று போகுது.

இன்றைக்குப் பல வீடுகளில் டச் போன் இருக்கு. அதிலேயே வீட்டு வரவு செலவை எழுத முடியும். எப்படி எழுதுவது, எழுதின கணக்கைக் கடன் வாங்கும் முன் எப்படிப் பார்ப்பது, எதில் ஏமாறக் கூடாது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

நமக்கு இது புதுசு இல்லை

"செல்போனில் கணக்கா? அதெல்லாம் படிச்ச புள்ளைங்களுக்கு" என்று சில உறுப்பினர்கள் ஒதுங்குகிறார்கள். நம்ம மாவட்டத்துப் பெண்கள் அப்படி ஒதுங்கியவர்கள் இல்லை. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தார். எழுத்தும் எண்ணும் படிக்க வந்த பெண்கள் அதோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். கேலி பேசினவர்களைக் கண்டுகொள்ளவில்லை. 1992-ல் நம்ம மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதன்பிறகு மகளிர் திட்டம் வந்தது, குழு வந்தது, பேரேடு எழுதப் பழகினோம்.

இன்னொன்றும் இருக்கு. கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கம் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து. யார் எவ்வளவு எழுதினார்கள், நாம் யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்யணும் என்பது மொய் நோட்டில் வருடக்கணக்காக இருக்கும். இப்போது சில விருந்துகளில் கம்ப்யூட்டர் வைத்து மொய் பதிந்து ரசீதே கொடுக்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு முந்தின மொய்யைப் பைசா தவறாமல் சொல்லும் நமக்கு, ஐந்து நாளைக்கு முந்தின செலவை எழுதி வைக்க முடியாதா? முடியும். பழக்கம்தான் வேணும்.

எந்த ஆப் எதற்கு?

செல்போனில் பணம் சம்பந்தமாக மூன்று வகை ஆப் இருக்கு. மூன்றும் வேறு வேறு. குழப்பிக்கொள்ளக் கூடாது.

1. பணம் அனுப்பும் ஆப்: ஜிபே, போன்பே, பீம் போன்றவை. இதில் பீம் ஆப் 2016 டிசம்பர் 30 அன்று தொடங்கப்பட்டது. தமிழிலும் பார்க்கலாம். 2025 மார்ச்சில் வந்த புதிய பீம் ஆப்பில், நாம் செய்த செலவை வகை பிரித்து மாத வாரியாகக் காட்டும் வசதியும் சேர்ந்திருக்கு. இந்த ஆப்கள் தன் வழியாகப் போன பணத்தை மட்டும்தான் காட்டும். சந்தையில் ரொக்கமாகக் கொடுத்த 300 ரூபாய் அதற்குத் தெரியாது. நம்ம ஊரில் பாதிக்கு மேல் கைக்காசுதானே?

2. கணக்கு எழுதும் ஆப்: வரவையும் செலவையும் நாமே பதிகிற ஆப். பிளே ஸ்டோரில் நிறைய கிடைக்கு. தேதி, தொகை, எதற்கு என்று மூன்றைப் போட்டால் போதும். கூட்டல் கழித்தலை அதுவே செய்யும். "மளிகைக்கு இந்த மாசம் 4,000 தான்" என்று வரம்பு வைத்தால், வரம்பு நெருங்கும்போது எச்சரிக்கை காட்டுகிற ஆப்களும் உண்டு.

3. குழுக் கணக்கு ஆப்: 2015-ல் நபார்டு வங்கி தொடங்கிய இ-சக்தி, தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் லோக்கோஸ் ஆகியவை இந்த வகை. இவற்றில் குழுவின் சேமிப்பும் கடனும் பதிவாகும். நம்ம வீட்டுக் கணக்கு இதில் வராது.

ஆக, வீட்டுக் கணக்குக்கு வேண்டியது இரண்டாவது வகை. புது ஆப் இறக்கத் தயக்கமாக இருந்தால் வேறு வழியும் இருக்கு. வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி 2022 கடைசியில் வந்தது. அதில் "சந்தை 240, டீ 20" என்று அவ்வப்போது போட்டு வைக்கலாம். எழுதச் சிரமம் என்றால் கீபோர்டில் இருக்கும் மைக் படத்தை அழுத்தித் தமிழில் சொன்னால் அதுவே எழுதிவிடும். ராத்திரி உட்கார்ந்து கூட்டினால் ஆச்சு.

எழுதும் முறை

தினமும் ஒரே நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சமையல் முடிந்து சாப்பிடுவதற்கு முன் பத்து நிமிடம் போதும். கீழே உள்ள ஐந்து விஷயங்களை மட்டும் மறக்க வேண்டாம்.

• கடன் வரவு ஆகாது. குழுக் கடன் 20,000 கணக்கில் ஏறினால் அதை வருமானத்தில் எழுதினால் கணக்கே பொய்யாகிவிடும். கடன் என்று தனித் தலைப்பு போடுங்கள்.

• மொய்யும் அப்படியே. நமக்கு வந்த மொய் நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது. நம்ம பக்கம் கூடுதலாகச் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கும். அதனால் அதையும் கடன் தலைப்பிலேயே எழுதுங்கள்.

• வங்கியிலோ ஏடிஎம்மிலோ எடுத்த பணம் செலவு ஆகாது. அது ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறின பணம். எடுத்ததையும் எழுதி, அதை வைத்து வாங்கின அரிசியையும் எழுதினால் ஒரே செலவு இரண்டு தடவை ஏறிவிடும்.

• வருடச் செலவை 12-ஆல் வகுத்து மாதம் மாதம் எழுதுங்கள். ஜூன் மாதப் பள்ளிச் செலவு, தீபாவளித் துணி, பொங்கல், ஊர்த் திருவிழா, செய்முறை எல்லாம் வரும் என்று தெரிந்த செலவுகள்தான். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் திடீர்ச் செலவு மாதிரி கடன் வாங்குகிறோம்.

• வாரத் தவணையை நாலால் பெருக்கி மாதக் கணக்கு போடாதீர்கள். நாலு வாரம் என்றால் 28 நாள்தான். வருடத்துக்கு 52 வாரம். ஒரு வாரத் தவணையை 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் வருவதே உண்மையான மாதத் தொகை.

ஒரு மாதக் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணவர் கொத்தனார் வேலை, மனைவி பூப் பறிக்கப் போகிறார், ஒரு கறவை மாடு, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள்.

வரவு:
கணவர் வீட்டுக்குக் கொடுத்தது – 9,000
பால் பணம் – 4,200
பூப் பறித்த கூலி – 3,300
மொத்தம் – 16,500 ரூபாய்

செலவு:
மளிகை, காய்கறி – 4,200
மாட்டுத் தீவனம் – 1,600
கேஸ், கரண்டு, செல் ரீசார்ஜ் – 1,300
பள்ளி, பஸ், நோட்டு – 1,200
மருந்து, ஆஸ்பத்திரி – 900
டீ, வடை, பலகாரம், வெற்றிலை – 1,100
பண்டிகை, விசேஷம், செய்முறை (வருடம் 18,000-ஐ 12-ஆல் வகுத்தது) – 1,500
மொத்தம் – 11,800 ரூபாய்

கட்ட வேண்டியது:
குழுச் சேமிப்பு – 200
குழுக் கடன் தவணை – 1,400
ஃபைனான்ஸ் வாரத் தவணை 650, நாலு வாரத்துக்கு – 2,600
மொத்தம் – 4,200 ரூபாய்

செலவும் தவணையும் சேர்ந்து 16,000. மிச்சம் 500 ரூபாய் என்று தெரியுது. ஆனால் வாரத் தவணையைச் சரியான முறையில் போட்டால் 650-ஐ 52-ஆல் பெருக்கி 33,800, அதை 12-ஆல் வகுத்து மாதம் 2,817 ரூபாய். அப்போது உண்மையான மிச்சம் 283 ரூபாய்தான்.

இந்த 283 தான் இந்த வீட்டின் முக்கியமான எண். மற்றதெல்லாம் இந்த எண்ணைக் கண்டுபிடிக்கத்தான்.

கையெழுத்துப் போடும் முன்

இப்போது இன்னொரு ஃபைனான்ஸ் கம்பெனி, வாரம் 550 ரூபாய் தவணையில் கடன் தருகிறது என்று வையுங்கள். மாதத்துக்கு 2,383 ரூபாய் வரும். மிச்சமோ 283. ஆக மாதம் 2,100 ரூபாய் துண்டு விழும். கடன் வாங்கும் முன்னாலேயே இது தெரிந்துவிட்டது. இந்தத் துண்டை எங்கிருந்து கொண்டு வருவது என்று பதில் இருந்தால் மட்டும்தான் அந்தக் கடனைப் பற்றி யோசிக்கலாம்.

"கம்பெனிக்காரங்களே கணக்குப் பார்த்துத்தானே தர்றாங்க" என்று கேட்பீர்கள். ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிமுறை 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து, மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. நம்ம எடுத்துக்காட்டு வீட்டுக்குப் பாதி என்றால் 8,250 ரூபாய். இப்போது கட்டும் கடன் தவணை 1,400-ம் 2,817-ம் சேர்ந்து 4,217. அப்படியானால் இன்னும் 4,033 ரூபாய் தவணைக்கு இடம் இருக்கு என்று அந்தக் கணக்கு சொல்லும்.

நம்ம வீட்டுக் கணக்கோ 283 தான் இருக்கு என்கிறது. இரண்டும் தப்பு இல்லை. அவர்கள் கணக்கு, அதிகபட்சம் எவ்வளவு கடன் தரலாம் என்பதற்கு. நம்ம கணக்கு, அரிசி பருப்பு வாங்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, அதற்கு மேல் எவ்வளவு கட்ட முடியும் என்பதற்கு. இந்த இரண்டாவது கணக்கை நமக்காக வேறு யாரும் போட்டுத் தர மாட்டார்கள்.

வட்டியையும் இதே போல் பாருங்கள். 30,000 ரூபாய் வாங்கி வாரம் 650 வீதம் 52 வாரம் கட்டினால் மொத்தம் 33,800. வட்டி 3,800. "நூத்துக்குப் பன்னிரண்டு, பதிமூணுதானே" என்று தோணும். ஆனால் 30,000 ரூபாயும் வருடம் முழுக்க நம்ம கையில் இல்லை. வாரா வாரம் குறைந்துகொண்டே வருது. சராசரியாகப் பாதித் தொகைதான் நம்மிடம் இருந்தது. அதனால் உண்மையான வருட வட்டி சுமார் 24 சதவீதம். கடன் விவரத் தாளில் வருட வட்டி எவ்வளவு என்று எழுதியிருக்கும். நமக்குப் புரிகிற மொழியில் அதைக் கேட்டு வாங்குங்கள். நுண்கடனை முன்கூட்டியே அடைத்தால் அதற்கு அபராதம் போடக் கூடாது என்பதும் அதே விதிமுறையில் இருக்கு.

மிச்சம் எதற்காக வேணும் என்று நம்ம மாவட்டத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது தென்னையும் பலாவும் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. கூலி வேலையும் நின்றது. வாங்கின கடனுக்குத் தவணை மட்டும் இருந்துகொண்டே இருந்தது. மிச்சம் 283 என்றாலும், டீ, பலகாரச் செலவில் 200, ரீசார்ஜில் 100 என்று குறைத்தால் அது 583 ஆகும். அதைக் குழுவில் விருப்பச் சேமிப்பாகப் போட்டால் வருடத்தில் 6,996 ரூபாய். அவசரத்துக்கு ஆகும்.

ஏமாறாமல் இருக்க

கணக்கு எழுத ஆப் தேடும்போது அதே மாதிரி வேஷத்தில் வருகிற கடன் ஆப்களும் கண்ணில் படும். "உங்கள் செலவைக் கணக்கிடுகிறோம்" என்று ஆரம்பித்து, "ஐந்து நிமிடத்தில் 5,000 ரூபாய் கடன்" என்று முடியும். எனவே:

• ஆப் இறக்கும்போது அது என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். கணக்கு எழுதும் ஆப்புக்கு நம்ம போனில் உள்ள பேர், நம்பர், போட்டோ எதுவும் தேவையில்லை. கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கள். விடாமல் கேட்டால் ஆப்பையே எடுத்துவிடுங்கள். சில ஆப்கள் வங்கி எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தானாகவே கணக்கு எழுதும். வசதிதான். ஆனால் நம்ம கணக்கில் எப்போது பணம் வருது, எப்போது தீருது என்பது அவர்களுக்கும் தெரிந்துவிடும்.

• கடன் ஆப்கள் நம்ம போனில் உள்ள தொடர்பு எண்களையும் போட்டோக்களையும் எடுக்கக் கூடாது, கடன் தொகை நேராக நம்ம வங்கிக் கணக்குக்குத்தான் வரணும் என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. வங்கிகளோடும் பதிவு பெற்ற நிறுவனங்களோடும் சேர்ந்து இயங்கும் கடன் ஆப்களின் பட்டியல் 2025 முதல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கு. பட்டியலில் இல்லாத ஆப் பக்கமே போக வேண்டாம்.

• வாட்ஸ்அப்பில் ஏபிகே என்று முடிகிற ஃபைல் வந்தால், அரசு உதவி, வங்கி, கேஸ் மானியம் என்று என்ன பேர் போட்டிருந்தாலும் தொடாதீர்கள். ஆப் வேணும் என்றால் பிளே ஸ்டோர் ஒன்றுதான் வழி.

• நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் போகும். ஓடிபியையும் யாரிடமும் சொல்லக் கூடாது.

• பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். "நாளைக்குப் பார்ப்போம்" என்றால் பணம் கை மாறிப் போய்விடும்.

யாருடைய போன்? யாருடைய நம்பர்?

இதைக் கூச்சப்படாமல் பேசணும். பல உறுப்பினர்களின் வங்கிக் கணக்கில் மகன் நம்பரோ கணவர் நம்பரோ இருக்கு. பணம் ஏறினாலும் எடுத்தாலும் செய்தி அவர்களுக்குப் போகுது. நம்ம கணக்கில் என்ன நடக்குது என்று நமக்குத் தெரியாமல் எந்த ஆப்பை வைத்தும் பயன் இல்லை. சொந்தமாக நம்பர் இருந்தால் வங்கிக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். போன் வீட்டுக்குப் பொது என்றால், கணக்கு ஆப்புக்குத் தனியாகப் பூட்டு போடும் வசதி இருக்கா என்று பாருங்கள்.

அதே நேரம், வீட்டுக் கணக்கு பெண் ஒருத்தியின் தலையில் விழுகிற வேலையாகவும் ஆகிவிடக் கூடாது. மாதக் கடைசியில் கணவரையும் பெரிய பிள்ளைகளையும் உட்கார வைத்து அந்த மிச்ச எண்ணைக் காட்டுங்கள். "காசு இல்லை" என்று சொல்வதைவிட, "283 ரூபாய்தான் இருக்கு, பாருங்க" என்று காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

பட்டன் போன் வைத்திருப்பவர்களும் ஒதுங்க வேண்டாம். வங்கியில் பதிந்த நம்பரிலிருந்து *99# போட்டு இருப்பு பார்க்கலாம். 2022 மார்ச்சில் பட்டன் போனுக்கென்றே யுபிஐ 123பே வசதியும் வந்தது. கணக்கு எழுத ஒரு 40 பக்க நோட்டு போதும். ஐந்து விதியும் நோட்டுக்கும் பொருந்தும். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்றார்கள். அளப்பதுதான் முக்கியம். படி எதுவாக இருந்தால் என்ன?

குழுவில் செய்ய வேண்டியது

1. இந்த மாதக் கூட்டத்தில் ஊக்குநர் இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டவும். படிக்கத் தெரிந்த இளம் உறுப்பினர் ஒருவர், மூத்த உறுப்பினர் இருவருக்கு ஆப் பதிவு செய்யச் சொல்லித் தரவும்.

2. ஒவ்வொருவரும் ஒரு மாதம் முழுக்க வரவு செலவு எழுதி, அடுத்த கூட்டத்துக்கு மிச்ச எண்ணோடு வரவும். முழுக் கணக்கை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அது அவரவர் வீட்டு விஷயம்.

3. இனி உள்கடன் கேட்கும் உறுப்பினரிடம், "மிச்சம் எவ்வளவு, தவணை எவ்வளவு?" என்று குழு கேட்கட்டும். கடனை மறுப்பதற்காக இந்தக் கேள்வி வேண்டாம். தவணைத் தொகையைக் குறைத்து மாதத்தைக் கூட்டலாமா என்று முடிவு செய்ய இது உதவும்.

கலந்து பேசுவோம்

• போன வருடம் நாம் வாங்கிய கடன்களில் எத்தனை, ஏற்கெனவே தெரிந்த செலவுக்காக வாங்கியவை?
• வாரத் தவணையை மாதக் கணக்கில் மாற்றிப் போட்டால் உங்கள் வீட்டில் எவ்வளவு வருது?
• உங்கள் வங்கிக் கணக்கில் பதிந்திருக்கும் செல் நம்பர் யாருடையது?

மூன்றுக்கும் வந்த பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் குறித்து, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள். எந்த ஊரில் ஆப் சொல்லித்தர ஆள் வேணும், எந்தக் குழுவுக்கு வங்கியில் நம்பர் மாற்ற உதவி வேணும் என்று பார்த்து நாங்கள் நேரில் வருகிறோம்.